டொராண்டோவிலிருந்து மன்னார்குடிக்கு: ஃபோன் காட்டிய 16 மணி நேரம்

டொராண்டோவுக்கும் திருச்சிக்கும் உள்ள வான்வழித் தூரம் சுமார் 13,600 கிலோமீட்டர். இணையத்தில் தேடிப் பார்த்தால் பறக்கும் நேரம் 16 மணி சொச்சம் என்று வரும். போன பிப்ரவரியில் என் அப்பா இறந்தபோது எங்கள் ஊரில் கூடியிருந்தவர்களில் யாரோ ஒரு பையன் ஃபோனில் இதைத் தேடியிருக்கிறான். "பதினாறு மணி நேரந்தான் தாத்தா, ப்ளைட்டு" என்று பெரியப்பாவிடம் காட்டியிருக்கிறான். திருச்சியிலிருந்து வீட்டுக்கு இரண்டரை மணி என்று அவர்களே கூட்டி, மறுநாள் சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் கேட்கவேயில்லை. தகவலை எனக்குச் சொன்ன தம்பி கடைசியாகத்தான் சொன்னான்: "நாளைக்கு நாலு மணிக்குன்னு பேசிக்கிறாங்க அக்கா. அதுக்குள்ள வந்துடுவல்ல?"

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் எல்லோருக்கும் இப்படி ஓர் அழைப்பு எப்போதாவது வரத்தான் போகிறது. அந்த நேரத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் விசாரிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். தனியாகத்தான் கிளம்பினேன். கணவரும் பிள்ளைகளும் பின்னால் வருவதாக ஏற்பாடு. மூன்று பேருக்கு உடனே டிக்கெட் எடுக்கும் விலையில் அன்று இல்லை.

தம்பி அழைத்தபோது டொராண்டோவில் புதன்கிழமை நண்பகல், ஊரில் புதன் இரவு பத்தரை. முதலில் இந்த நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் டொராண்டோ நேரத்தோடு பத்தரை மணி கூட்ட வேண்டும். விரல்விட்டு எண்ண வேண்டாம். கடிகாரத்தில் என்ன மணியோ அதில் ஒன்றரையைக் கழித்து, காலையை இரவாகவும் இரவைக் காலையாகவும் மாற்றினால் ஊர் நேரம் வந்துவிடும். இங்கே இரவு ஏழு என்றால் அங்கே மறுநாள் காலை ஐந்தரை. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்றரைக்குப் பதில் இரண்டரையைக் கழிக்க வேண்டும். டிக்கெட்டில் புறப்படும் நேரம் இந்த ஊர்க் கணக்கிலும் சேரும் நேரம் அந்த ஊர்க் கணக்கிலும் அச்சாகியிருக்கும். அதை அப்படியே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஊரில் ஆளுக்கொரு கணக்குப் போடுவார்கள். "இந்திய நேரம், வெள்ளிக்கிழமை காலை எட்டரை" என்று கிழமையோடு நீங்களே எழுதி அனுப்புங்கள்.

அடுத்து டிக்கெட். டொராண்டோவிலிருந்து திருச்சிக்கோ சென்னைக்கோ இடையில் நிற்காத விமானம் கிடையாது. அந்த 16 மணி நேரம் என்பது உருண்டைப் பூமியின் மேல் இரு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய கோட்டை இழுத்து, ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்துச் சொல்லும் எண். அந்தக் கோட்டை வரைந்து பார்த்தால் கிரீன்லாந்துக்கு மேலே போய், ஆர்க்டிக் கடலைத் தொட்டு, வட ரஷ்யா, மத்திய ஆசியா வழியாக இறங்கும். அந்த வழியில் நம்மை ஏற்றிப்போக யாரும் இல்லை. 2022 முதல் கனடா விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளிக்குள்ளேயே போக முடியாது. 2025 ஏப்ரல் முதல் இந்திய நிறுவனங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டது. வரைபடத்தில் உள்ள தூரம் ஒன்று, போகவிடுகிற தூரம் வேறு.

ஆனால் இதில் நான் பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்துத் திகைத்த விஷயம் ஒன்று உண்டு. துபாயை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். டொராண்டோ–துபாய் சுமார் 11,080 கிலோமீட்டர், துபாய்–திருச்சி சுமார் 2,940. கூட்டினால் 14,020. நேர்க்கோட்டைவிட நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் அதிகம். விமானத்துக்கு அது அரை மணி நேரம். அப்படியென்றால் சுற்றுவழி என்பதால் நேரம் போவதில்லை. போகிற நேரமெல்லாம் தரையில்தான் போகிறது.

டெல்லிக்கு நேர் விமானத்தில் அன்று இடம் இல்லை. ஐரோப்பா வழியாகச் சென்னை வரை ஒரே டிக்கெட் இருந்தது, 3,800 டாலர். அமெரிக்கா வழியாக ஒன்று விலை குறைவாகக் காட்டியது. என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட், அமெரிக்க விசா இல்லை. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் விசா வேண்டும். தேடல் தளங்கள் இதையெல்லாம் கேட்காமலேயே அந்த வழியை மேலே தூக்கிக் காட்டும். கடைசியில் ஒரு முன்பதிவுத் தளத்தில் வளைகுடா நகரம் ஒன்றின் வழியாகத் திருச்சி வரை 2,140 டாலருக்குக் கிடைத்தது. புதன் இரவு பத்து மணிக்குப் புறப்பாடு, வெள்ளி விடிகாலை நாலரைக்குத் திருச்சி. எட்டரைக்கு வீட்டு வாசலில் இருக்கலாம். தம்பியிடம் சொன்னேன். அவன் பெரியவர்களோடு மல்லுக்கட்டி, வியாழன் நாலு மணியை வெள்ளி காலை பதினொன்றாக மாற்றினான். பொண்ணுக்காகவா இவ்வளவு நேரம் என்று ஒருவர் கேட்டாராம். தம்பி அதை என்னிடம் அன்று சொல்லவில்லை, காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னான். கொள்ளி வைக்க மகன் பக்கத்திலேயே இருக்கிறான், மகள் வந்து வாய்க்கரிசி போடுவதற்காக ஊரே ஒரு நாள் காத்திருக்க வேண்டுமா என்பது அவர்கள் நியாயம். எனக்கு அந்த ஒரு பிடி அரிசிதான் இருந்தது.

பணம் கட்டியதும் மின்னஞ்சலில் இரண்டு முன்பதிவு எண்கள் வந்தன. ஒன்று டொராண்டோவிலிருந்து வளைகுடா வரை, இன்னொன்று அங்கிருந்து திருச்சி வரை, வேறொரு நிறுவனம். தளத்தில் பார்த்தபோது ஒரே பயணமாகத்தான் காட்டியது, ஒரே தொகையாகத்தான் பணமும் எடுத்தார்கள். விமானம் மாறுவது உங்கள் பொறுப்பு என்ற வரி எங்கோ சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி, முழுப் பயணத்துக்கும் ஒரே பிஎன்ஆர்-ஆ, இரண்டா? ஒரே எண் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் கடைசி ஊர் வரை கொண்டுசேர்ப்பது அவர்கள் தலைவலி. இரண்டு என்றால் நடுவழியில் நீங்கள் அநாதை. விலையில் வித்தியாசம் ஆயிரம் டாலர் இருந்தாலும், சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரே எண்ணில் போவதுதான் சரி. கல்யாணத்துக்கோ கோடை விடுமுறைக்கோ என்றால் எப்படியும் போங்கள்.

டொராண்டோவில் எங்கள் வீடு இருக்கும் ஸ்கார்பரோவிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பினோம். 401 நெடுஞ்சாலையில் பனி. ஒரே ஒரு கைப்பெட்டி மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்தப் பயணத்தில் எனக்குக் கைகொடுத்தது அது ஒன்றுதான். இரண்டு டிக்கெட்டில் போகும்போது பெரிய பெட்டியைப் போட்டால், நடுவிலே இறங்கி, அந்த நாட்டுக்குள் நுழைய விசா இருந்தால் வெளியே போய், பெட்டியை எடுத்து, மறுபடியும் போட வேண்டியிருக்கும். டெல்லி, மும்பை வழியாகப் போகிறவர்களுக்கும் பொதுவாகச் சுங்கச் சோதனை அங்கேதான்; பெட்டியை எடுத்துக் காட்டிவிட்டு உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டும். வரிசை நீளம் என்றால் இரண்டு மணி நேரம் காணாமல் போய்விடும்.

பத்து மணி விமானத்தில் எல்லோரும் ஏறி உட்கார்ந்து, கதவும் சாத்தியாகிவிட்டது. நகரவில்லை. டொராண்டோ குளிரில் விமானத்தின் இறக்கையில் பனி ஒட்டியிருந்தால் பறக்க விடமாட்டார்கள். பியர்சன் விமான நிலையத்தில் அந்தப் பனியை நீக்குவதற்கென்றே பெரிய இடம் ஒன்று இருக்கிறது. விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் நிற்கும். பனி விடாமல் கொட்டியதால் வரிசை நீண்டுகொண்டே போனது. என் இருக்கை இறக்கைக்கு நேரே. கிரேன் கையில் ஒரு கூண்டு, அதற்குள் ஒரு ஆள், ஆரஞ்சு நிறத்தில் சூடான திரவத்தைப் பீய்ச்சியடித்தார். இறக்கையிலிருந்து ஆவி பறந்தது. அது முடிந்ததும் பச்சை நிறத்தில் கெட்டியாக இன்னொன்று. முதலாவது இருக்கும் பனியைக் கரைக்க, இரண்டாவது புதிதாகப் பனி ஒட்டாமல் இருக்க. அந்தப் பச்சைக்கும் காலக்கெடு உண்டு. அதற்குள் ஓடுபாதைக்குப் போக முடியாவிட்டால் திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டும். மற்ற நாளாக இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்ட வீடியோ எடுத்திருப்பேன். அன்று கடிகாரத்தைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஒன்றே முக்காலுக்குத்தான் மேலே ஏறியது.

டிசம்பர் முதல் மார்ச் வரை டொராண்டோவிலிருந்து கிளம்புகிறவர்கள் இந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். தளங்கள் ஒன்றரை மணி, இரண்டு மணி இடைவெளியில் விமானம் மாறும்படி போட்டுக்கொடுக்கும். குளிர்காலத்தில் நாலு மணிக்குக் குறைந்தால் எடுக்காதீர்கள். எனக்கு மூன்றரை மணி இடைவெளி இருந்தது, போதவில்லை. இறங்கும் ஊரிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை விமானம் போகிறது என்றும் பாருங்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிற ஊராக இருக்க வேண்டும். நான் எடுத்த திருச்சி விமானம் நாளுக்கு ஒன்றுதான்.

காற்று நம் பக்கம்தான். மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் வீசும் வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், ஊருக்குப் போகும்போது வளைகுடா வரை பன்னிரண்டரை மணி. திரும்பும்போது அதே தூரத்துக்கு பதினாலு மணி பக்கம் ஆகும். அந்தப் பன்னிரண்டரை மணியும் நான் தூங்கவில்லை. முன் இருக்கைத் திரையில் தூரம் குறைவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இறங்கியபோது உள்ளூர் நேரம் இரவு பதினொன்றேகால். திருச்சி விமானம் பதினொரு மணிக்குப் போயிருந்தது.

மாற்று விமானங்களுக்கான மேசையில் இருந்த பெண் என் இரண்டு காகிதங்களையும் பார்த்தார். "மேடம், எங்க டிக்கெட் இந்த ஊரோட முடிஞ்சுது" என்றார், மலையாளம் கலந்த தமிழில். தப்பு அவர் மேல் இல்லை. தாமதம் வானிலையால் என்பதால் கனடா சட்டப்படி நஷ்டஈடும் கிடையாது. வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பும் கடமை மட்டும் உண்டு, அதுவும் அந்த டிக்கெட்டில் இருக்கும் கடைசி ஊர் வரைதான். இரண்டாவது நிறுவனத்துக்கோ நான் வராத பயணி. நான்தான் வரவில்லையே தவிர, அவர்கள் விமானம் சரியான நேரத்துக்குப் போய்விட்டது. அடுத்த திருச்சி விமானம் மறுநாள் இரவு. ஃபோனில் தேடி, காலை எட்டரைக்குப் போகும் சென்னை விமானத்துக்கு 430 டாலர் கொடுத்துப் புது டிக்கெட் எடுத்தேன். ஒன்பது மணி நேரம் அந்த நாற்காலிகளில். அழுதேன், முகம் கழுவினேன், பிள்ளைகளிடம் பேசினேன், மறுபடி அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு தமிழ்த் தொழிலாளி ஒன்றும் கேட்காமல் சார்ஜரை மட்டும் நீட்டினார்.

ஊரில் நேரம் மறுபடி மாறியது. பதினொன்று மூன்றானது. சென்னையில் இரண்டு மணிக்கு இறங்கி, குடியுரிமை வரிசையெல்லாம் தாண்டி மூன்று மணிக்குக் காரில் ஏறினேன், மூன்று ஐந்தானது. சென்னையிலிருந்து மன்னார்குடி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். எப்படி ஓட்டினாலும் ஆறு மணி நேரம். இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சனிக்கிழமைக்குப் போய்விடும். சனிப்பொணம் தனியாப் போகாது என்பார்களே, அதுதான் பெரியப்பாவின் கவலை. "கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்பிடலாம் பெரியப்பா, ஊர்ல யாரும் செய்யாததா?" என்று தம்பி கெஞ்சியிருக்கிறான். ஐஸ் பெட்டிக்காரருக்கு இன்னொரு நாள் வாடகையும் கொடுக்கத் தயாராக இருந்தான். ஆனால் முதலில் வியாழன் சாயங்காலம், அப்புறம் வெள்ளி காலை, அப்புறம் மூன்று, அப்புறம் ஐந்து என்று ஆனதில் வந்திருந்த சனம் சலித்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். திண்டிவனம் தாண்டும்போது தம்பி வீடியோவில் அழைத்தான். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. என் பங்கு வாய்க்கரிசியைச் சித்தி போட்டார். டிரைவர் தம்பி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது இரவு ஒன்பதரை. வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது, "சாப்பிட்டியா?"

ஸ்கார்பரோ வாசலிலிருந்து இந்த வாசல் வரை 41 மணி நேரம். அதில் வானத்தில் இருந்தது பதினாறரை மணி. ஃபோன் சொன்னது பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். மீதி இருபத்து நாலரை மணி நேரம் பனி வரிசையிலும் நாற்காலியிலும் ஜிஎஸ்டி ரோட்டிலும் போனது, அதை எந்தத் தளமும் காட்டாது. அதனால் தெரிந்தவர்கள் யாராவது இப்போது கேட்டால் நான் சொல்வது: டிக்கெட்டுப்படி வீட்டு வாசலைச் சேரும் நேரத்தோடு இன்னும் பன்னிரண்டு மணி கூட்டி, அதை மட்டும் ஊருக்குச் சொல்லுங்கள். முன்னால் போய் நின்றால் யாரும் கோபிக்கப் போவதில்லை. முதலிலேயே சனிக்கிழமை என்று தெரிந்திருந்தால் பெரியப்பா கோழிக்குஞ்சுக்குக்கூட ஒப்புக்கொண்டிருப்பார். மூன்று தடவை மாற்றியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஊரில் ஒரே ஒருவரோடு மட்டும் பேசுங்கள். கூடத்தில் ஆளுக்கொரு ஃபோனில் ஆளுக்கொரு மணி காட்டும்.

கிளம்பும் முன் கையோடு எடுக்க வேண்டியதில் பிஆர் அட்டை, அதாவது கனடாவின் நிரந்தரவாசி அட்டை, முக்கியம். ஊருக்குப் போவதற்கு அது தேவைப்படாது, அதனால் யாரும் தேதியைப் பார்ப்பதில்லை. காலாவதியாகியிருந்தால் திரும்ப விமானத்தில் ஏற்றமாட்டார்கள். கனடா குடியுரிமை வாங்கியவர்கள், விசா இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைய உதவும் ஓசிஐ அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

இறப்புக்காகப் பயணிப்பவர்களுக்குச் சில விமான நிறுவனங்களில் சலுகைக் கட்டணம் உண்டு. அதை டிக்கெட் எடுக்கும் முன்பே தொலைபேசியில் கேட்டு வாங்குவதுதான் நல்லது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு வழக்கு: பாட்டி இறந்து ஊருக்குப் போனவரிடம் ஏர் கனடாவின் சாட்பாட், முழு விலைக்கு எடுத்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. நிறுவனத்தின் விதியோ அதற்கு நேர்மாறு. தீர்ப்பாயம் அவருக்குச் சுமார் 650 டாலர் கொடுக்கச் சொன்னது. எல்லோரும் வழக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

என் பணத்தில் திருச்சி டிக்கெட் முழுசாகப் போனது, சென்னை டிக்கெட் 430 டாலர் தண்டம், கார் 9,500 ரூபாய். கடன் அட்டையோடு வந்த பயணக் காப்பீட்டில் கேட்டுப் பார்த்தேன். இரண்டு தனி டிக்கெட் என்பதால் தவறவிட்ட விமானத்துக்குக் கிடையாது, தாமதத்தால் ஆன சில்லறைச் செலவுக்கு மட்டும் பார்க்கலாம் என்றார்கள். அதற்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். ஊரிலிருந்து கிளம்பும் முன் நாலைந்து பிரதி, ஆங்கிலத்திலும் இருக்கிற மாதிரி, வாங்கிக்கொண்டு வாருங்கள். வாங்கும்போதே பாஸ்போர்ட்டை எதிரில் வைத்து எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதலாகவும் இருக்கிறது. இருவரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி அனுப்பியிருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்திருக்கிறது.